நாற்பத்தொரு நாள் மேகம்

14 செப்டம்பர் 1984

ஷாஷாவின் அப்பாவுக்கு,

ஸலாம். நானும் குழந்தையும் நலம். ஓரான் நகரத்தில் துணிக்கடை எப்படிப் போகிறது, சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை இன்னமும் காய்ந்த ரொட்டியும் ஆலிவும்தானா என்று முதலில் எழுதுங்கள். போன தடவை வந்தபோது உங்கள் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. உங்கள் அத்தை என்னைத்தான் முறைத்தார், எழுநூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான் உங்களைப் பட்டினி போட்ட மாதிரி.

ஒரு செய்தி. நம் மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி உருண்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. பதறாதீர்கள், பள்ளிவாசல் பெரியவர்கள் சம்மதித்துத்தான். கர்தாயாவிலுள்ள சூரிய ஆய்வு நிலையத்திலிருந்து நதீர் என்று ஒரு பொறியாளர் கொண்டுவந்தார். வெயில் அந்த உருண்டைக்குள் புகுந்து, பின்னால் செருகிய அட்டையைப் பொசுக்கிக் கோடு போடுகிறது. வெயில் இருக்கும்வரை கோடு ஓடும், மேகம் வந்தால் நின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் நான் அட்டையை மாற்றி, பின்பக்கம் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு வரி எழுதலாம்.

மூன்று ஊர்களில் இப்படி வைத்திருக்கிறார்களாம். ஏப்ரல் முடியும்வரை அளந்து, எங்கே வெயில் அதிகமோ அந்த ஊர் மருந்தகத்துக்கு வெயிலிலேயே ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று வரும். இந்த வருடத்துக்கு ஒன்றே ஒன்றுதான். போன கோடையில் இரண்டு நாள் மின்சாரம் போய், தேள்கடி மருந்து எல்லாம் கெட்டு, ரொட்டிக்கார யஹ்யாவின் மகன் போனது உங்களுக்குத் தெரியும். நம்முடையவள் ஆறு வயதாகியும் செருப்பைக் கண்டால் ஓடுகிறவள். அந்தப் பெட்டி வந்தால்தான் எனக்கு உயிர் வரும்.

ஆண்கள் மாடிக்கு வருவதற்கு என்ன பாடு! ஐஸா சித்தப்பா தெருவில் நின்று மூன்று தடவை குரல் கொடுத்து, மாடி ஒட்டிய நாலு வீட்டுப் பெண்களும் கீழே இறங்கி, பிறகுதான் அவரும் பொறியாளரும் ஏறினார்கள். வைத்துவிட்டு இறங்கியதும் பொறியாளர் வாசலுக்கு வெளியே, நான் கதவுக்குப் பின்னால், நடுவில் சித்தப்பா.

"அட்டையை எந்தப் பக்கமா வெக்கணும்னு கேளுங்க சித்தப்பா."

"எந்தப் பக்கமா வெக்கணும்னு கேக்குறா."

"கேட்டுச்சுங்க. நீலப் பக்கம் உருண்டையைப் பாக்கணும்."

"நீலப் பக்கம் உருண்டையைப் பாக்கணுமாம்."

"எனக்கும் கேட்டுச்சு சித்தப்பா!"

ஷாஷா விழுந்து விழுந்து சிரித்தாள். வெயிலுக்குப் போட்டி வைத்தால் நம் ஊர் தோற்குமா, நீங்களே சொல்லுங்கள்.

மென்னா

30 செப்டம்பர் 1984

அன்புள்ள மென்னா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. நம் ஊர் ஆள் ஒருவன் கடைக்கு வந்து, "என்னப்பா ஹம்மூ, உன் வீட்டு மாடியில கவர்ன்மென்ட் கண்ணு வெச்சிருக்காமே" என்று கேட்கிறான். நான் துணியை அளந்துகொண்டே, "ஆமா, தெரியுமே" என்றேன். எனக்குத் தெரியாது. என் வீட்டு விஷயம் எனக்குக் கடைசியில் தெரிகிறது.

எதிரே இருக்கும் புகைப்படக்காரரிடம் விசாரித்தேன். கேமராவுக்குள் இருப்பதும் அதே மாதிரிக் கண்ணாடிதான் என்றார். அது படம் பிடிக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. மாடி பெண்களாகிய உங்களுடையது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில், பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நானே ஏறாத இடம் அது. அங்கே தலையில் துணியில்லாமல் பெண்கள் நடமாடும்போது ஒரு கண்ணாடி விழித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர்கள் சொன்னபின் எடு என்று சொல்ல மாட்டேன். பொதியில் கெட்டித் துணி மூன்று முழம் வைத்திருக்கிறேன், கடையிலேயே நல்ல துணி. நீங்கள் மேலே இருக்கும் நேரமெல்லாம் அதைப் போட்டு மூடு. ஷாஷாவுக்கு ரிப்பனும் எள்ளு மிட்டாயும் இருக்கின்றன. மிட்டாயை ஒரே நாளில் தின்ன விடாதே.

சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். முட்டையும் சமையல்தான்.

ஹம்மூ

21 அக்டோபர் 1984

ஷாஷாவின் அப்பாவுக்கு,

ஸலாம். துணி வந்தது. மிட்டாய் வந்த அன்றே தீர்ந்தது. நான் என்ன போலீஸா?

எந்நேரமும் மூடினால் அட்டையில் ஒன்றுமே இருக்காது. அதனால் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், நாலு வீட்டுப் பெண்களும் கையை மடித்துவிட்டுத் துவைத்து உலர்த்தும் நேரத்துக்கு மூடுகிறேன். மற்ற நாட்களில் தலையில் துணியோடு போய் வந்துவிடலாம். உங்கள் பேச்சு ஊருக்குள் எப்படித்தான் பரவியதோ, பக்கத்து வீட்டு ஸூலிகா மேலே கால் வைப்பதற்கு முன்பே சத்தம் போடுகிறாள்: "ஏண்டி மென்னா, கண்ணு மூடியிருக்கா? அப்புறம் அல்ஜியர்ஸ்ல உக்காந்து என் தொப்பையைப் பாத்துட்டுச் சிரிக்கப் போறானுங்க!"

எனக்கு உள்ளூர ஒரு கவலை. துவைக்கிற நாளில் கோடு நடுவில் நின்று, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கிறது. பளீரென்று வெயில் அடித்த நாளில், பார்க்கிறவர்களுக்கு வெயிலே இல்லாத மாதிரி இருக்கிறது. பின்பக்கம் "மூடியிருந்தது" என்று எழுதட்டுமா? ஒரே வார்த்தைதான். உடனே பதில் போடுங்கள்.

மென்னா

9 நவம்பர் 1984

மென்னா,

எழுதாதே. எந்தக் கிழமை, எந்த மணிக்கு நம் பெண்கள் மாடியில் இருக்கிறார்கள் என்று அந்நியனுக்கு நாமே எழுதிக் கொடுப்பதா? அதற்குத் துணியே தேவையில்லையே. தேதியும் கையெழுத்தும் போதும்.

இரண்டு மணி நேரத்தில் என்ன குறைந்துவிடும்? நம் ஊர் வெயிலை யாராலும் மறைக்க முடியாது.

கடையில் திருமண சீசன். நிற்க நேரமில்லை.

ஹம்மூ

28 பிப்ரவரி 1985

ஷாஷாவின் அப்பாவுக்கு,

ஸலாம். இதை அவசரமாக எழுதுகிறேன், கடைக்கு வருகிற ஆட்களை உட்காரவைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.

நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. நாற்பத்தொரு தேதிகள். எல்லாம் திங்கள், வியாழன். ஒவ்வொன்றுக்கும் எதிரே காலியிடம். "இந்த நாட்களில் கோடு நின்ற நேரத்தில் என்ன நிலை என்று அட்டை மாற்றியவர் தன் கையால் எழுதி, வீட்டுத் தலைவர் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று இருக்கிறது. தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

நான் உண்மையை எழுதப் போகிறேன், நீங்கள் சரி என்று சொன்னால். "துணியால் மூடியிருந்தது." அவ்வளவுதான். யார் இருந்தார்கள், தலையில் என்ன இருந்தது என்று யார் கேட்டார்கள்? தாள் வந்த நாளிலிருந்து நான் துணி போடுவதையும் நிறுத்திவிட்டேன். ஸூலிகா முதலில் குதித்தாள். தேள்கடி மருந்தை ஞாபகப்படுத்தியதும் வாயை மூடிக்கொண்டு தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். இப்போது எல்லோரும் அப்படியே துவைக்கிறோம். வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் கோடு முழுசாக ஓடுகிறது.

மற்ற இரண்டு ஊர்களும் நமக்குக் கொஞ்சம்தான் பின்னால் இருக்கின்றனவாம், ஐஸா சித்தப்பா விசாரித்துவிட்டு வந்தார். இந்த நாற்பத்தொரு நாள்தான் நம்மைக் கீழே இழுக்கும்.

நான் உங்களிடம் நகை கேட்டதில்லை. ஓரானுக்குக் கூட்டிப் போங்கள் என்றும் கேட்டதில்லை. நம் பெண்கள் ஊர் தாண்டுவதில்லை, அது தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன். இதைக் கேட்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மென்னா

11 மார்ச் 1985

மென்னா,

தாளைக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே "மேகம்" என்று எழுது.

கோபப்படாமல் கேள். குளிர்காலத்தில் மேகம் வருவது அதிசயமா? யாருக்கும் பாதகமில்லாத வார்த்தை. நீ சொல்வதை எழுதினால் அந்தத் தாள் எத்தனை மேஜைக்குப் போகும், எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. நான் இங்கே நாலு ஆண்கள் நடுவில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவன்.

பெட்டி நம் ஊருக்கு வரும், இன்ஷா அல்லாஹ். வராவிட்டால் நானே கோடைக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறேன். இது என் முடிவு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஹம்மூ

19 மார்ச் 1985

ஷாஷாவின் அப்பாவுக்கு,

எழுதிவிட்டேன். நாற்பத்தொரு தடவை மேகம், மேகம், மேகம். எழுதும்போது ஷாஷா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். "எப்பம்மா மேகம் வந்துச்சு? நான் பாக்கவே இல்லையே?" என்று கேட்டாள். போய் விளையாடு என்று விரட்டினேன்.

சித்தப்பா தாளைக் கொண்டுபோய்விட்டார்.

மென்னா

25 மே 1985

ஷாஷாவின் அப்பாவுக்கு,

ஸலாம். பெட்டி நமக்கு இல்லை.

தெற்கே அந்த இன்னொரு ஊருக்குப் போய்விட்டது. பாதி நாள் புழுதிக் காற்றில் மூஞ்சி தெரியாத ஊர் அது, அவர்களே சிரிக்கிறார்களாம். நாம் இரண்டாவது. எழுபது மணி நேரம் குறைவு. நான் விரல் விட்டுப் பார்த்தேன், நாற்பத்தொரு நாளும் இரண்டிரண்டு மணி நேரம் என்றாலே அதைத் தாண்டிவிடும்.

பள்ளிவாசலில் ஆண்கள் பேசிக்கொள்கிறார்களாம், "நம்ம ஊர்ல இவ்வளவு மேகமா வந்துச்சு? நாம எங்கப்பா இருந்தோம்?" என்று. சித்தப்பா என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஏதாவது ஏற்பாடு செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோடை வந்துவிட்டது. என்ன ஏற்பாடு?

மென்னா

10 ஜூன் 1985

அன்புள்ள மென்னா,

வருத்தம்தான். ஆனால் அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இத்தனை வருடம் பெட்டி இல்லாமல்தான் ஊர் இருந்தது.

மருந்தக ஆளுக்கு எழுதி, பனிக்கட்டி வைக்கிற தகரப் பெட்டி ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மின்விசிறி ஒன்றும் அனுப்புகிறேன். ஷாஷாவைச் செருப்புப் போட்டு நடக்கச் சொல், அப்பா அடிப்பார் என்று சொல். நான் அடிக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வை.

பெருநாளுக்கு வருகிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

ஹம்மூ

4 ஆகஸ்ட் 1985

மென்னா,

நேற்று ஓரான் வந்து சேர்ந்தேன். கடையைத் திறந்தேன். திறக்காமல் என்ன செய்வது?

தந்தி கிடைத்த அன்றே புறப்பட்டும் மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வர முடிந்தது. அதற்குள் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். நம் வழக்கம் அதுதான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மென்னா, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தகப்பனாகிய நான் எழுநூறு கிலோமீட்டர் வந்து ஒரு மண்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பதினைந்து நாள் ஒரே வீட்டில் இருந்தோம். நீ என்னிடம் பேசியது, சாப்பாட்டில் உப்பு போதுமா என்பது மட்டும்தான். போதவில்லை என்று சொல்லக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மருந்தக ஆளை நான் சும்மா விடப் போவதில்லை. மின்சாரம் போய் இரண்டாவது நாள், தேள்கடி மருந்து கலங்கிப் போயிருந்தது தெரிந்தும் ஊசி போட்டிருக்கிறான். கர்தாயா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி பிடிக்க ஒரு மணி நேரம். குழந்தை வழியிலேயே போய்விட்டாள். இதற்கு யார் பதில் சொல்வது? அரசாங்கத்துக்கு எழுதப் போகிறேன். அந்தப் பெட்டியை அந்தப் புழுதி ஊருக்குக் கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

ஹம்மூ

8 செப்டம்பர் 1985

ஷாஷாவின் அப்பாவுக்கு,

எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

அந்த மருந்தக ஆளை விட்டுவிடுங்கள். கெட்டுப் போன மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அழுததை நான் பார்த்தேன். "இதுல ஒண்ணுமில்லக்கா, ஆனா சும்மா நிக்க முடியலக்கா" என்றான். நீங்கள் அனுப்பிய தகரப் பெட்டியில் பனிக்கட்டி அரை நாள் நின்றது. ஜூலை மாதம், நாற்பத்தாறு டிகிரி. வேறென்ன நடக்கும்? அன்று உலர வைத்த கம்பளியை மடிக்க ஷாஷா எனக்கு உதவி செய்ய வந்தாள். நான் கூப்பிட்டுத்தான் வந்தாள். தேள் அந்தக் கம்பளிக்குள் இருந்தது.

முந்தாநாள் கண்ணாடி உருண்டையை எடுத்துப் போக அந்தப் பொறியாளர் வந்தார். சித்தப்பா வாசலில் நின்றார், ஆனால் என் வார்த்தையை அவர் திருப்பிச் சொல்லவில்லை. நானே கதவுக்குப் பின்னால் இருந்து நேராகப் பேசினேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, குழந்தை விஷயம் கேள்விப்பட்டேன். சொல்றதுக்கு வாய் வரல. ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. அந்த நாப்பத்தொரு நாளும் மேகம் இல்லதானே?"

"இல்ல."

"எனக்கு அப்பவே தெரியும்மா. மேகம் வந்தா கோடு மெலிஞ்சு மெலிஞ்சு நிக்கும். இது வெட்டுனாப்புல நின்னுச்சு. அதுவும் திங்களும் வியாழனும். நானும் துணி தொவைக்கிற வீட்டுல பொறந்தவன்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேட்டீங்க?"

"நான் சொன்னா செல்லாதும்மா. அட்டை மாத்துனவங்க எழுதணும், அதான் சட்டம். மூடியிருந்துச்சுன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அந்த நாளை எல்லாம் தள்ளிட்டு மத்த நாளை வெச்சுப் பாத்திருப்போம். உங்க ஊருதான் முதல். அது யார் கண்ணுலயும் படாது, என் மேஜையோட முடிஞ்சிரும். இதையெல்லாம் விவரமா உங்க வீட்டுக்காரருக்கு ஓரானுக்கு எழுதியிருந்தேனே. பிப்ரவரிலயே. அவரு மேகம்தான்னு பதில் போட்டாரு."



இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருடம் இன்னொரு பெட்டி வருகிறது. டிசம்பர் முடிவதற்குள், கையெழுத்துப் போட்டவரே பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னால் அதைத் திரும்பப் பெற்றால் அந்த நாற்பத்தொரு நாளையும் தள்ளிவிடலாம், பெட்டி நமக்குத்தான். இல்லாவிட்டால் முதலிலிருந்து அளக்க வேண்டும். அதற்குள் இன்னும் இரண்டு கோடை போய்விடும்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்தக் கடிதம் உங்களுக்கு வந்ததா?

மென்னா

20 செப்டம்பர் 1985

மென்னா,

வந்தது.

பிரெஞ்சில் தட்டச்சு அடித்து வந்தது. எனக்கு அந்த எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் சத்தமாக வாசித்தார். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். பெண்கள் மாடியில் இருக்கும்போது கருவியை மூடினார்களா, அப்படியானால் அதை எழுதினால் போதும், வேறு விவரம் வேண்டாம் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் ஒருவன், "என்ன ஹம்மூ, உங்க ஊர்ல சூரியனுக்கே முக்காடு போட்டுட்டீங்களாமே!" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம் என்னைக் கண்டால் அதே பேச்சு.

உன் தாள் அதற்குப் பிறகுதான் வந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. தேளும் மருந்தும் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உனக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று இருந்தேன். அவளைப் புதைத்த இடத்தில் நின்றபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ உப்பு போதுமா என்று கேட்டாய்.

கையெழுத்தைத் திரும்பப் பெறுவது பற்றி எழுதியிருந்தாய். பள்ளிவாசலில், அத்தனை பேர் முன்னால், என் பொய்யால் ஊருக்கு வர வேண்டிய பெட்டி கைநழுவிப் போயிற்று, என் மகள் போனாள் என்று நான் எப்படி நின்று சொல்வேன்? ரொட்டிக்கார யஹ்யா அங்கே உட்கார்ந்திருப்பார். சொன்னபின் நம்முடன் யார் பேசுவார்கள், யார் கடைக்கு வருவார்கள்? ஊர் விலக்கி வைத்துவிடும். நாம் இழந்தது போதும் மென்னா. இது நம் இருவருக்குள் இருக்கட்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே.

ஹம்மூ

11 அக்டோபர் 1985

ஷாஷாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். நாலாம் நாள் மூத்தவர் லல்லா உம்ஹானியின் வீட்டுக்குப் போனேன். ஊரில் இறந்த பெண்களைக் குளிப்பாட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே கூடும் நாள் அது. நம் பெண்களின் நல்லது கெட்டதை விசாரிப்பதும் அவர்கள்தான். ஷாஷாவைக் குளிப்பாட்டியதும் லல்லா உம்ஹானியின் கைதான்.

நடுக்கூடத்தில் நின்றேன். "நான் கள்ளச் சாட்சி எழுதியிருக்கேன்" என்றேன். "வெயில் அடிச்ச நாளை மேகம்னு நாப்பத்தொரு தடவை எழுதுனேன். அதனாலதான் பெட்டி வரல."

லல்லா உம்ஹானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி எழுதுன?"

"மாடியில நாம இருந்தது வெளிய தெரியக் கூடாதுன்னு."

"துணி போட்டு மூடுனதுல என்னடி வெட்கம்? எவன் கேட்டாலும் நானே சொல்லியிருப்பேனே! பொய் சொல்றதுதான்டி வெட்கம்." எழுந்து என் பக்கத்தில் வந்தார். "யாரு உன்னை எழுதச் சொன்னா?"

"என் கைதான் எழுதுச்சு."

"அதைக் கேக்கல. யாரு சொன்னா?"

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசி, என்னை விலக்கி வைத்தார்கள். அவர்கள் செய்தது சரி. ஊர் முழுக்க நம்பிய ஒரு விஷயத்தில் நான் பொய் எழுதியிருக்கிறேன்.

இன்று ஒன்பதாம் நாள். யாரும் ஸலாம் சொல்வதில்லை. நான் கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நான் செத்தால் குளிப்பாட்டவும் வர மாட்டார்கள். ஐஸா சித்தப்பா மட்டும் வாசலில் தானியத்தை வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு இருமிவிட்டுப் போகிறார். நீங்கள் பயந்தது எதுவோ, அதற்குள்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷாஷா போன ஜூலை பதினேழு அளவுக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள், அதுதான் முறை. நான் கேட்கவில்லை. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு முழு மன்னிப்பை எப்படி வாங்குவது? மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. தாளில் இருப்பதும் உங்கள் கையெழுத்துதான். நான் சொன்னது பெட்டிக்கு உதவாது, நீங்கள் சொல்வதுதான் உதவும்.

நான் அங்கே உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற அல்ல. ஷாஷாவின் அப்பா தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் வந்து நின்றால் அதன் பிறகு உங்களிடம் பேசுவேன், உப்பைப் பற்றி மட்டுமல்ல. வராவிட்டால் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

டிசம்பர் முடிய இன்னும் எண்பது நாள் இருக்கிறது. ஸூலிகாவின் சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நேற்று மாடியில் அவன் அவர்கள் பக்கத்திலிருந்து தத்தித் தத்தி என்னிடம் வந்தான், வெறுங்காலோடு. ஸூலிகா ஓடி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மென்னா